பம்பரம் வாய் திறக்காத பத்து நாட்கள்

ஒலிப்பதிவுக் கூடத்தில் எல்லோரும் அவளைப் பம்பரம் என்றுதான் கூப்பிடுவார்கள். ஒரு நிமிடம் ஓரிடத்தில் நிற்க மாட்டாள். மைக் முன்னால் பேசும்போதுகூடக் குதிகால் இரண்டும் மாறி மாறி எழும்பிக்கொண்டே இருக்கும். செருப்புச் சத்தம் பதிவில் விழுகிறது என்று தலையில் அடித்துக்கொண்ட ஒலிப்பதிவாளர், பழைய கம்பளத் துண்டு ஒன்றை எங்கிருந்தோ கொண்டுவந்து மைக்குக்குக் கீழே விரித்தார். அதன்மேல் வெறுங்காலோடு நின்றுகொண்டு அவள் எவ்வளவு வேண்டுமானாலும் ஆடலாம்.

டப்பிங் தொழிலுக்கு வந்து இருபது வருடம். வயது நாற்பத்து மூன்று. தொடர்களில் அழுகிற அம்மாக்கள், விளம்பரங்களில் சோப்பைப் பார்த்துச் சிரிக்கிற மனைவிகள் என்று வந்ததையெல்லாம் பேசினாலும், அவளுக்குச் சோறு போட்டது ஓர் எட்டு வயதுப் பையன். பதினோரு வருடமாக ஓடிக்கொண்டிருந்த கார்ட்டூன் தொடரில் அவனுக்கு அவள்தான் குரல். அவன் கூரையிலிருந்து குதிப்பான், வாத்துகளோடு சண்டை போடுவான், வாரத்துக்கு ஒரு தடவையாவது எதற்குள்ளாவது விழுந்து அலறுவான். இத்தனை வருடத்தில் அவனுக்கு ஒரு வயதுகூடக் கூடவில்லை.

தொண்டையைப் பற்றி அவள் தனியாக யோசித்ததே கிடையாது. நடுவில் எழுந்து போக வேண்டியிருக்குமே என்று பதிவு நேரத்தில் தண்ணீர் குடிக்க மாட்டாள். டீ மட்டும் நாளுக்கு எட்டு. குரல் கரகரத்தால் ஒரு கனைப்பு; போகவில்லை என்றால் இன்னும் பலமாக ஒன்று. கன்னத்தில் எப்போதும் ஒரு புதினா மிட்டாய் அடங்கியிருக்கும். வேலை முடிந்து வீட்டுக்கு வந்தால் அங்கே மிச்சக் கச்சேரி. சமையலறையில் நின்றபடியே மொட்டை மாடியில் துணி எடுக்கும் மகளுக்குக் கட்டளை போகும். நடுவிலுள்ள இரண்டு மாடிக்காரர்களும் தங்களுக்குச் சம்பந்தமில்லாத அந்தக் கட்டளைகளைக் கேட்டுப் பழகியிருந்தார்கள்.

அவள் கணவருக்குப் பத்தொன்பது வயதில் பார்வை போய்விட்டது. பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் தொலைபேசி ஆபரேட்டர் வேலை. பார்வையற்ற மாணவர்களுக்காகப் பாடப் புத்தகங்களை வாசித்துப் பதிவு செய்யும் இடத்துக்கு அவள் கல்லூரி நாட்களில் போய் வந்துகொண்டிருந்தாள். அந்தப் பதிவுகளைக் கேட்டுப் படித்தவர்களில் அவர் ஒருவர். அவளிடம் அவர் முதன்முதலாகப் பேசியதே ஒரு புகார்தான்.

"பொருளாதாரப் புத்தகத்தை ரயிலைப் பிடிக்கப் போற மாதிரி வாசிச்சிருக்கீங்க. நாங்க பின்னாடியே ஓட வேண்டியிருக்கு."

அந்தப் புகாருக்கு அவள் பதில் சொல்லப் போய், பேச்சு வளர்ந்து, கல்யாணத்தில் முடிந்து, இப்போது மகளுக்குப் பதினைந்து வயது.

அந்த வருடம் மழைக்காலத்தின் நடுவில், ஒரு வீடியோ கேமுக்குக் கத்த ஆள் வேண்டும் என்று டப்பிங் பொறுப்பாளர் அவளைக் கூப்பிட்டார். வசனமே இல்லை, வெறும் கத்தல். கையில் கொடுத்த தாளில் மளிகைச் சாமான் பட்டியல் மாதிரி எழுதியிருந்தது: உயரத்திலிருந்து விழுந்து, எட்டு. தண்ணீரில் மூழ்கி, ஆறு. மிருகம் கடித்து, பத்து. நெருப்பில் எரிந்து, பன்னிரண்டு. அன்றைக்கு அவளுக்குச் சளி. தலைவலிக்கு ஒரு மாத்திரையை விழுங்கிவிட்டு வந்திருந்தாள்.

"நாளைக்கு வச்சுக்கலாமா சார்? தொண்டை கொஞ்சம் கட்டியிருக்கு," என்றாள்.

"நாளைக்கு ரூம் கிடைக்காதும்மா. கத்தறதுக்குத் தொண்டை கட்டியிருந்தா என்ன? இன்னும் நல்லாத்தான் வரும்," என்றார் பொறுப்பாளர்.

விழுந்தாள், மூழ்கினாள், கடிபட்டாள். நாலு மணி நேரம் ஆகியிருந்தது. நெருப்பில் ஒன்பதாவது தடவை எரியும்போது தொண்டைக்குள் நூல் அறுந்த மாதிரி ஏதோ ஒன்று நடந்தது. வலிக்கவில்லை. அடுத்த கத்தலுக்கு வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த கேம் கம்பெனிக்காரர், அந்த ஒன்பதாவதுதான் இருப்பதிலேயே இயல்பாக இருந்தது என்று பாராட்டினார். மிச்சம் மூன்றும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

சரியாகிவிடும் என்றுதான் அவள் நினைத்தாள். சளிக்கு இப்படி எத்தனையோ தடவை அடைத்துத் திறந்திருக்கிறது. ஐந்து நாள் எல்லோரிடமும் கிசுகிசுவென்று பேசினாள். அப்படிப் பேசினால் தொண்டைக்கு ஓய்வு என்பது அவள் எண்ணம். கொதிக்கக் கொதிக்கக் குடித்தாள். விடாமல் கனைத்தாள். வேலை அழைப்புகள் வந்தால் போனை மகளிடம் கொடுத்து, "அம்மா குளிக்கிறாங்க" என்று சொல்ல வைத்தாள். ஐந்து நாளில் அம்மா பதினேழு தடவை குளித்துவிட்டாள் என்றாள் மகள்.

ஆறாம் நாள் கார்ட்டூன் பதிவு. அதைத் தள்ளிப்போட முடியாது. மைக் முன்னால் நின்று பையனின் குரலைத் தேடினாள். இரண்டு வரி போனது. மூன்றாவது வரியில் ஒலிப்பதிவாளர் நிறுத்தினார். அதிகம் பேசாத மனிதர். காதில் மாட்டியிருந்த ஹெட்போனில் முதலில் போன மாதம் பேசியதை ஓட விட்டார். பிறகு இன்றைக்குப் பேசியது. பையன் இருந்த இடத்தில் இரண்டு குரல்கள் ஒன்றன்மேல் ஒன்று உரசிக்கொண்டு கேட்டன. இரண்டுமே பையனுடையது இல்லை.

"இன்னொரு டேக் போலாம் சார். கொஞ்சம் கனைச்சுக்கிறேன்."

"நான் பதிவு பண்ண மாட்டேன்," என்றார் அவர். "டாக்டர்கிட்ட போ. நாளைக்கு இல்ல. இப்பவே."

காது மூக்கு தொண்டை டாக்டர் அவள் வயதுப் பெண்மணி. மெல்லிய குழாய் ஒன்றை மூக்கு வழியாக உள்ளே விட்டு, அதன் முனையிலிருந்த கேமரா காட்டுவதைத் திரையில் அவளையே பார்க்கச் சொன்னார். குரல் நாண்கள் இரண்டும் வெளுத்த நாடாக்களாகத் தெரியும் என்றார். ஒன்று வெளுப்பாகத்தான் இருந்தது. மற்றது பழுத்த மிளகாய் நிறத்தில் வீங்கிக் கிடந்தது. இருபது வருடமாக இதை வைத்துத்தான் பிழைத்தோம் என்பதை அவள் அப்போதுதான் முதன்முதலாகக் கண்ணால் பார்த்தாள். இவ்வளவு சின்னதா என்று பட்டது.

"உள்ள ரத்தக்குழாய் உடைஞ்சு கசிஞ்சிருக்கு. அன்னிக்குப் போட்ட தலைவலி மாத்திரை ரத்தத்தை இளக்குற ஜாதி. அதோட போய்க் கத்தியிருக்கீங்க. ஒவ்வொரு கனைப்பும் அந்த ரெண்டையும் ஒண்ணோட ஒண்ணு அறையற மாதிரி. கிசுகிசுப்பு அதைவிட நல்லதுன்னு யாரு சொன்னது? பத்து நாள் ஒரு வார்த்தை கூடாது. ஒரு சத்தம் கூடாது. மீறினா தழும்பு விழும். தழும்பு விழுந்தா நான் ஒண்ணும் பண்ண முடியாது."

"பத்து நாளா? எங்க வீட்டுக்காரருக்குக் கண்ணு தெரியாது டாக்டர். நான் பேசலைன்னா..."

டாக்டர் எழுதுவதை நிறுத்தினார். "அதுக்கு எங்கிட்ட மாத்திரை இல்லம்மா," என்றார் மெதுவாக. "இப்ப பேசினீங்களே, அதோட முடிச்சுக்குங்க."

அன்று மதியத்திலிருந்து வீடு தலைகீழானது.

அவள் எழுத வேண்டும், மகள் வாசிக்க வேண்டும், கணவர் கேட்க வேண்டும். இதுதான் ஏற்பாடு. முதல் நாளே அதன் ஓட்டை தெரிந்துவிட்டது. அவள் ஒரு பக்கம் முழுக்க எழுதிக் கொடுத்தால் மகள் அதை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "சாப்பிட வரச் சொல்றாங்கப்பா" என்பாள்.

"அவ்வளவு நேரம் பேனா கீறிச்சே. அவ்வளவுதானா?" என்று கணவர் கேட்டார்.

"மிச்சமெல்லாம் உங்க சட்டையைப் பத்தி. அது வேண்டாம்பா."

மகள் பள்ளிக்கூடம் போன பிறகு இன்னொரு வழி. அவள் தன் போனில் தட்டி அனுப்புவாள். கணவரின் போன் அதைப் படித்துக் காட்டும். எழுத்தை வாசிக்கிற இயந்திரப் பெண் குரல் அது. கோபம், கேலி, அவசரம் எல்லாம் அதற்கு ஒன்றுதான். 'அடுப்பில் பால் இருக்கிறது எழுந்திருங்கள்' என்று அது சாவகாசமாகச் சொல்லி முடிப்பதற்குள் பால் பொங்கி வழிந்துவிட்டது.

"இந்த அம்மா ரொம்ப மரியாதையா பேசுறாங்க," என்றார் அவர். "ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசினதில்ல."

அவள் சிரிக்கப் போனாள். சிரிப்பும் சத்தம்தான் என்று ஞாபகம் வந்து வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஆனால் வேடிக்கை இரண்டு நாளுக்கு மேல் தாங்கவில்லை. வீட்டில் அவள் எங்கே இருக்கிறாள் என்பதை அவர் இத்தனை வருடமும் அவள் பேச்சை வைத்துத்தான் கணக்குப் பண்ணியிருக்கிறார். அது இருவருக்குமே தெரியாது. மூன்றாம் நாள் நடையில் திரும்பும்போது அவர் நேராக வந்து மோதினார். அவள் கையிலிருந்த வெந்நீர் இருவர் பாதத்திலும் கொட்டியது. உதட்டைக் கடித்து அவள் அலறலை உள்ளேயே விழுங்கினாள். அதன் பிறகு வீட்டுச் சாவிக் கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டாள். நடந்தால் அது குலுங்கும், அவருக்குத் தெரியும். அவளோ நடந்துகொண்டேதான் இருந்தாள். மின்விசிறி இறக்கைகளைத் துடைத்தாள். துடைத்த அலமாரியை மறுபடி துடைத்தாள். ஜன்னலுக்குப் போய்த் தெருவைப் பார்ப்பாள், திரும்பி வந்து போனைப் பார்ப்பாள். பேச முடியாத வார்த்தையெல்லாம் காலுக்கு இறங்கிவிட்ட மாதிரி இருந்தது.

"கொஞ்ச நேரம் உக்காரேன்," என்பார் கணவர். "சாவிச் சத்தத்துல எனக்கே ஜெயில்ல இருக்கிற மாதிரி இருக்கு."

உட்கார்வாள். முழங்கால் ஆட ஆரம்பிக்கும். சாவி அங்கேயும் குலுங்கும்.

ஆறாம் நாள் காலையில் பொறுப்பாளரிடமிருந்து செய்தி வந்தது. கார்ட்டூனில் நாலு சிறப்புப் பகுதிகள் இந்த வாரமே வேண்டுமாம், சேனலில் நெருக்குகிறார்களாம். நாளைக்கு ஒரு மணி நேரம் வந்து மெதுவாகப் பேசிக் கொடுத்தால் போதும். முடியாது என்றால் ஒரு பெண்ணின் குரலைச் சோதித்து வைத்திருக்கிறார், நன்றாகவே இருக்கிறது. அந்தக் கடைசி இரண்டு வார்த்தைகளை அவள் பத்துத் தடவை படித்தாள். 'வருகிறேன்' என்று தட்டி அனுப்பிவிட்டாள்.

கணவருக்கு அன்று மதிய வேலை, வீட்டில்தான் இருந்தார். அவள் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்தி, குழாயை முழுசாகத் திறந்து, வாளியில் தண்ணீர் விழும் இரைச்சலுக்குள் அந்தப் பையனைக் கூப்பிட்டுப் பார்த்தாள். ஒரு வரி. கொஞ்சம் வந்தது மாதிரி இருந்தது. இன்னும் ஒரு வரி.

கதவைத் திறந்தால் அவர் எதிரே சுவரில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

"தண்ணி சத்தத்துல ஒளிஞ்சா எனக்குக் கேக்காதுன்னு நெனச்சியா?" என்றார். "நாள் பூரா நான் செய்யற வேலையே அதுதான். நூறு பேர் இரைச்சல்ல யாரு என்ன கேக்குறாங்கன்னு கண்டுபிடிக்கிறது. அது இன்னும் ஆறல. காத்து ஒழுகுது."

அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. மேஜைக்குப் போய் எழுத ஆரம்பித்தாள். தேர்வுக்கு முந்தைய விடுமுறையில் வீட்டிலிருந்த மகளைக் கையைப் பிடித்து இழுத்துவந்து தாளை நீட்டினாள். மகள் படித்தாள். முகம் மாறியது.

"அம்மா... அவங்களுக்குக் கோபமா இருக்காம்பா."

அவள் மேஜையைத் தட்டினாள். எழுதியதை அப்படியே வாசி என்று விரலால் வரியைக் காட்டினாள். மகள் பாடப் புத்தகம் வாசிப்பது போலத் தட்டையாக வாசித்தாள்: "உங்களுக்கு என்ன, போனை எடுத்து இந்த வார்டு அந்த வார்டுன்னு மாத்திவிட்டா முடிஞ்சது. நான் போகலைன்னா என் இடத்துல இன்னொருத்தி நிப்பா. பதினோரு வருஷம். அவன் என் பையன். அது உங்களுக்குப் புரியாது."

வாசித்துவிட்டு மகள் தாளைக் கீழே வைத்தாள். "இனிமே நான் வாசிக்க மாட்டேன். ரெண்டு பேரும் எப்படியோ பேசிக்குங்க," என்று சொல்லிவிட்டு மொட்டை மாடிக்குப் போய்விட்டாள்.

கணவர் நாற்காலியைத் தடவிப் பிடித்து உட்கார்ந்தார். பிறகு, அவள் நிற்காத பக்கமாக முகத்தை வைத்துக்கொண்டு பேசினார்.

"அந்தக் கத்தலுக்குப் போயிட்டு வந்தியே, அன்னிக்கு வாசல்ல நின்னு 'ஏங்க'ன்னு கூப்பிட்ட. எனக்கு ஆள் தெரியல. யாரு நீங்கன்னு கேக்க வாயெடுத்துட்டேன். சாவியைப் போடுற சத்தத்தை வச்சுத்தான் நீன்னு கண்டுபிடிச்சேன். அதை உங்கிட்ட சொல்லல. அன்னிலேர்ந்து எனக்குத் தூக்கம் சரியில்ல. மத்தவங்களுக்கு உன் மூஞ்சி இருக்கு. எனக்கு இது ஒண்ணுதான் இருக்கு. அதான் சொல்றேன். போறதும் போகாததும் உன் இஷ்டம்."

அவள் போய் அவர் தோளைத் தொடவில்லை. அவளுக்கு அப்போது அது முடியவில்லை. கோபமும் இன்னும் மிச்சமிருந்தது. தெருக் கதவு வரை போனாள், திரும்பி மொட்டை மாடி வரை படியேறினாள். அங்கே மகள் தண்ணீர்த் தொட்டியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அம்மாவைப் பார்த்தும் நகரவில்லை. மறுபடி இறங்கினாள். இப்படி எத்தனை தடவை என்று தெரியாது. முதல் மாடிக்காரர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்து, "ஏதாவது காணாமப் போச்சாம்மா?" என்று கேட்டார். அவள் தலையை ஆட்டினாள். ஆமாம் என்று ஆட்டினாளா இல்லை என்று ஆட்டினாளா என்று அவருக்குப் புரிந்திருக்காது.

கடைசியில் இரண்டாவது மாடிப் படியில் நின்றபடியே பொறுப்பாளருக்குத் தட்டினாள்: 'நாளை வர முடியாது. பத்து நாள் முடியட்டும். அந்தப் பெண்ணையே பேச வையுங்கள்.' அனுப்பியதும் அழிக்கலாமா என்று விரல் போனது. அதற்குள் அவர் படித்துவிட்டதற்கான அடையாளம் வந்துவிட்டது. பதில் வரவில்லை.

மிச்ச நாலு நாளும் அவள் எப்படி இருந்தாள் என்று மகள் பிறகு தோழிகளிடம் சொல்லிக் காட்டுவாள். அம்மா சோபாவின் இடத்தை மூன்று தடவை மாற்றினாள், ஒவ்வொரு தடவையும் அப்பா அதில் இடித்துக்கொண்டார். ஆனால் வாயிலிருந்து ஒரு சத்தம் வரவில்லை.

பதினோராம் நாள் டாக்டர் மறுபடி குழாயை விட்டுப் பார்த்தார். சிவப்பு வடிந்து மஞ்சளாகியிருந்தது. தழும்பு இல்லை என்றார். பக்கத்து அறையிலிருந்த பேச்சுப் பயிற்சியாளரிடம் அனுப்பினார். அந்த இளைஞர் அரை டம்ளர் தண்ணீரில் ஒரு ஸ்ட்ராவைப் போட்டுக் கொடுத்து, அதற்குள் மெதுவாக 'ஊ' என்று ஊதச் சொன்னார். குமிழிகள் எழுந்தன. அவற்றுக்கு நடுவே மெல்லியதாக ஒரு சத்தம். அது தன்னுடையதுதானா என்று அவள் டம்ளரையே உற்றுப் பார்த்தாள்.

"முதல் நாள் அஞ்சு நிமிஷம்தான் பேசணும்," என்றார் அவர். அந்த ஐந்து நிமிடத்தையும் கணவருக்கென்று வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். என்ன சொல்ல வேண்டும் என்று பஸ்ஸில் யோசித்துக்கொண்டே வந்தாள். உள்ளே நுழைந்தால் குழாய் திறந்து ஓடிக்கொண்டிருந்தது. "அந்தக் குழாயை மூடேண்டி," என்றாள் மகளிடம். சமையலறையில் காய் நறுக்கிக்கொண்டிருந்த கணவர் கத்தியைக் கீழே வைத்தார். சிரித்துக்கொண்டே நின்றார். கண் மட்டும் கலங்கியிருந்தது.

குரல் முழுசாகத் திரும்ப ஏழு வாரம் ஆயிற்று. திரும்பியது பழைய குரல் இல்லை. கொஞ்சம் தாழ்ந்து, கனத்து வந்தது. ஒரு நாள் ஒலிப்பதிவாளர் கூடத்தைச் சும்மா திறந்துவைத்து, பையன் வருகிறானா என்று பார்க்கச் சொன்னார். மூன்று தடவை முயன்றாள். மேலே போகும் இடத்தில் குரல் நழுவியது.

"இழுத்தா வரும் சார்," என்றாள்.

"இழுத்தா வரும்தான்," என்றார் அவர். "எத்தனை நாளைக்கு?"

அவள் ஹெட்போனைக் கழற்றி ஆணியில் மாட்டினாள்.

சிறப்புப் பகுதிகள் ஒளிபரப்பான அன்று அவள் உட்கார்ந்து பார்த்தாள். அந்தப் பெண்ணின் பையன் அலறுவது வேறு மாதிரி இருந்தது. நன்றாகவும் இருந்தது. அணைத்தாள். இரண்டு நிமிடம் கழித்து மறுபடி போட்டாள். பக்கத்து வீட்டுக் குழந்தைகள் எப்போதும்போல விழுந்து விழுந்து சிரிப்பது சுவர் வழியாகக் கேட்டது. யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை என்பது அவளுக்கு ஆறுதலாக இருந்ததா, வேதனையாக இருந்ததா என்று கேட்டால் அவளாலேயே சொல்ல முடியாது.

தாழ்ந்த குரலுக்கும் வேலை வந்தது. ஒரு தொடரில் வக்கீல் அம்மா, இன்னொன்றில் மூன்று வீட்டைக் கெடுக்கும் சின்ன மாமியார். இப்போது தண்ணீர் பாட்டிலோடுதான் போகிறாள்; ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை வெளியே போக வேண்டும் என்று கேட்டு வாங்குகிறாள். கத்துகிற காட்சிகள் எல்லாம் கடைசியில், அதுவும் சளி இல்லாத நாளில். கனைப்பு வந்தால் ஒரு மிடறு விழுங்குகிறாள். வீட்டில் மகளைக் கூப்பிட மாடிப்படி ஏறுகிறாள். மூச்சு வாங்கிக்கொண்டு மேலே போய் நின்றால் எதற்கு வந்தோம் என்பதே மறந்துவிடுகிறது. அந்த கேம் கம்பெனிக்காரர்கள் இரண்டாம் பாகத்துக்கு மறுபடி வந்தார்கள். ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம்தான் கத்துவேன் என்றாள். பார்க்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனவர்கள் வேறு ஒருத்தியைப் பார்த்துக்கொண்டார்கள். அந்த ஒருத்தி யார் என்று விசாரித்து, "தலைவலி மாத்திரை போட்டுட்டுப் போகாதே" என்று மட்டும் போனில் சொல்லிவிட்டு வைத்தாள்.

காலையில் எழுந்ததும் யாரிடமும் பேசுவதற்கு முன்னால் ஒரு தடவை மெல்ல முனகிப் பார்ப்பாள். அது சுத்தமாக வராத நாளில் வேலைக்குப் போவதில்லை. ஒரு வருடத்தில் அப்படி மூன்று நாள் போகவில்லை. நாலாவது போன வாரம் வந்தது. வக்கீல் அம்மாவின் பெரிய நீதிமன்றக் காட்சி அன்றைக்கு. பொறுப்பாளரைக் கூப்பிட்டு, "இன்னிக்கு முடியாது சார்," என்றாள்.

"சரி," என்று சொல்லிவிட்டு அவர் வைத்துவிட்டார்.

அந்தச் 'சரி'யில் கோபமா, பழக்கமா, வேறு ஆள் பார்க்கிற யோசனையா என்று அவளுக்குப் பிடிபடவில்லை. குரலை வைத்து எதையும் கண்டுபிடிக்கிற கணவரிடம் கேட்கலாம் என்றால், அவர் அதற்குள் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிப் போயிருந்தார். வீட்டுக்குள் நாலு சுற்றுச் சுற்றினாள். பிறகு தண்ணீர் பாட்டிலைப் பையில் போட்டுக்கொண்டு, செருப்பை மாட்டிக்கொண்டு, போக ஓர் இடமும் இல்லாமலே தெருவில் இறங்கி வேகமாக நடந்தாள்.